த்ரெட்டை உருவாக்கியாச்சு, முடித்து வைப்பது யார்?

வணக்கம் நேயர்களே. சி மொழியில் த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் மற்ற வேலைகளோடு ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலைச் சரடு, பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வானொலியில் நிரலைக் காட்ட வழியில்லை, அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸில் த்ரெட்டுக்கு நாம் பயன்படுத்தும் பிதிரெட்ஸ் என்ற ஃபங்ஷன் தொகுப்பு, 1995இல் போசிக்ஸ் தரமாக, அதாவது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதிமுறையாக வந்தது. அதில் த்ரெட்டை உருவாக்க ஒரு வரி போதும். அது எப்போது முடியும், முடிந்ததும் யார் பொறுப்பு என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

பிதிரெட் கிரியேட் என்ற ஃபங்ஷனுக்கு நான்கு தகவல் கொடுக்கிறோம்: த்ரெட்டின் அடையாளத்தை எழுதி வைக்க ஓர் இடம், அமைப்புகள், ஓட வேண்டிய ஃபங்ஷன், அதற்கு அனுப்பும் ஒரு பாயிண்டர், அதாவது நினைவக முகவரி. முதல் சிக்கல் அந்தக் கடைசிப் பாயிண்டரில்தான் வருகிறது. லூப்பில் ஐந்து த்ரெட் உருவாக்கும்போது எல்லாவற்றுக்கும் லூப் மாறியின் முகவரியையே அனுப்பிவிடுகிறார்கள், ஆனால் த்ரெட் அதைப் படிப்பதற்குள் லூப் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும், அப்புறம் இரண்டு த்ரெட் தங்களை மூன்றாம் எண் என்று சொல்லிக்கொள்ளும், ஒன்றாம் எண் ஆளையே காணோம். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி இடம் கொடுங்கள். அந்த இடம் த்ரெட் முடியும்வரை உயிரோடு இருக்கட்டும்.

சரி, த்ரெட் வேலையை முடித்துவிட்டது. அதோடு எல்லாம் தீர்ந்ததா? இல்லை. பிதிரெட் ஜாயின், அதாவது முடியும்வரை காத்திருந்து முடிவைக் கொடு என்று வேறொரு த்ரெட் வந்து கேட்கும்வரை, அது திருப்பித் தந்த மதிப்பையும் அதற்கென ஒதுக்கிய ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தையும் நூலகம் பத்திரமாக வைத்திருக்கும். லினக்ஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக்குக்கு வழக்கமாக ஒதுக்குவது 8 எம்பி முகவரி வெளி. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு த்ரெட் உருவாக்கி, ஜாயினும் செய்யாமல் டிடாச்சும், அதாவது முடிந்ததும் எல்லாம் தானாக விடுபடும்படி கழற்றிவிடுவதும், செய்யாமல் விடும் சர்வர் நாள்கணக்கில் நன்றாக ஓடும், அப்புறம் ஒருநாள் புது த்ரெட்டே உருவாகாது. அப்போது காரணம் தேடி, எர்நோ என்ற மாறியில் உள்ள பிழையை அச்சிடும் பெரர் ஃபங்ஷனை அழைத்தால் அதுவும் ஏமாற்றும், ஏனென்றால் பிதிரெட் ஃபங்ஷன்கள் பிழை எண்ணை எர்நோவில் வைக்காமல் நேரடியாகத் திருப்பித் தருகின்றன. அந்த எண்ணை வாங்கிப் பாருங்கள், தயவுசெய்து.

முடிவு தேவையா, ஜாயின் செய்யுங்கள். தேவையில்லையா, டிடாச் செய்யுங்கள். ஆனால் டிடாச் செய்த த்ரெட்டுக்காக யாரும் காத்திருக்க முடியாது. மெயின் ஃபங்ஷன் ரிட்டர்ன் ஆன கையோடு மொத்த ப்ராசஸும் போய்விடும், கோப்பில் பாதி எழுதிக்கொண்டிருந்த த்ரெட்டையும் சேர்த்துத்தான். அதனால் என் விருப்பம் எப்போதும் ஜாயின் பக்கமே.

நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் பிதிரெட் கேன்சல் இருக்கிறது, ஆனால் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் மியூடெக்ஸ் என்ற பூட்டைப் பூட்டிய நிலையில் ஒரு த்ரெட் ரத்தானால், துப்புரவு ஃபங்ஷன் பதிவு செய்திருக்காவிட்டால், அந்தப் பூட்டு பூட்டியபடியே நின்றுவிடும், காத்திருப்பவர்கள் எல்லாரும் முடங்குவார்கள். நிறுத்து என்று சொல்ல ஓர் அட்டாமிக் கொடி, அதாவது பல த்ரெட் ஒரே நேரத்தில் தொட்டாலும் குழம்பாத ஒரு மாறி, வைத்து, த்ரெட்டே அவ்வப்போது அதைப் பார்த்துத் தானாக வெளியேறும்படி எழுதுவது எவ்வளவோ மேல்.

இன்னும் ஒன்று, மாணவர்களுக்கு. ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் த்ரெட் சானிடைசர் என்ற பிழை காட்டும் கருவி இருக்கிறது. நிரல் பல மடங்கு மெதுவாகும், பரவாயில்லை. பூட்டு இல்லாமல் இரண்டு த்ரெட் ஒரே மாறியைத் தொடுவதை மட்டுமல்ல, ஜாயின் செய்யாமல் விட்ட த்ரெட்டையும் அது காட்டும், அதை எந்த வரியில் உருவாக்கினீர்கள் என்பதோடு.