மறுகாலுக்கு வழி விடுங்கள்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் அதிகாரிகளே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, தாமிரபரணியின் வடகால், தென்கால் வாய்க்கால்களில் பாசனம் செய்யும் விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் அண்ணாச்சிக்கு என் நன்றி.

'பேரிடரைத் தாங்கும் கட்டமைப்பு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ரோடு, குளம் இரண்டையும் பேச வந்திருக்கிறேன். எங்க அப்பா ஓயாமல் சொல்வார்: 'வெள்ளம் வருமுன் அணை போடு.'

2023 டிசம்பர் 17 ராத்திரியை மறக்க முடியுமா? மறுநாள் காலை அளந்தால் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. நம்ம தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் பெய்கிற மழையைவிட அதிகம்! அந்த ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே சுமார் 800 பேர். செய்துங்கநல்லூருக்குப் போகும் வழியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டி போயிருந்தால்? நினைத்தாலே ஈரக்குலை நடுங்குகிறது. ஒரு பகுதிப் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் ரயிலிலேயே கிடந்தார்கள். கைக்குழந்தைகள், வயசானவர்கள், சுற்றிலும் தண்ணீர். அப்போது பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள் இருந்த அரிசியைச் சேர்த்துப் பொங்கிப் போட்டார்களே! 19ஆம் தேதிதான் வெளியே கொண்டுவர முடிந்தது. பொங்கிப் போட்ட கைகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கும். அவர்களுக்கு என் கும்பிடு.

அன்று ஊரை மூழ்கடித்தது தாமிரபரணி ஆறு மட்டுமா? உடைந்த குளங்களும்தான். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் புகுந்தது. குளம் ஏன் உடைகிறது? குளம் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் மறுகால் பாய வழியில்லை. போன வாரம் எங்க ஊர்க் குளத்து மறுகாலில் இறங்கிப் பார்த்தேன். ஓடை பன்னிரண்டு தப்படி அகலம். ரோட்டுக்கு அடியில் இரண்டே சிமெண்ட் குழாய். ஒன்றைச் சீமைக்கருவேல வேர் அடைத்திருக்கிறது, மற்றதில் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை. மடை ஷட்டரின் திருகு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. இரண்டு பேர் தொங்கியும் அசையவில்லை. தண்ணீர் எங்கே போகும்? கரையை உடைக்கும், அப்புறம் ரோட்டை அறுக்கும். ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போடுகிறோம், அடியில் தண்ணீருக்கு வாய் வைக்க மறக்கிறோம்.

மின்சாரத்தைப் பற்றி அடுத்து வரும் பொறியாளர் ஐயா சொல்வார். நான் கேட்பது ஒன்றுதான். குளத்துக்கு ஒரு ஆள். முன்பு இருந்தார். மழைக்கு முன்னே மடைக்கு எண்ணெய் போடுவார், ராத்திரியில் கரையில் நடப்பார், ஊர் அவருக்கு நெல் அளந்தது. இன்று அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டும், பொறுப்பு வேண்டும், ஒரு செல்போன் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்றால், அணையைப் பார்க்க ஆளும் போடு என்றுதானே அர்த்தம்?

அதிகாரிகள் இருக்கும்போதே கேட்கிறேன். புரட்டாசிக்குள் மறுகால் ஓடைகளை அளந்து எல்லைக் கல் ஊன்றுங்கள். குழாய் இருக்கிற இடத்தில் பாலம் கட்டுங்கள். இந்தக் கோரிக்கைக்கான கையெழுத்துத் தாள் கடைசி வரிசையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.