முதலில் ரயர், பிறகுதான் டிஃப்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில், நிலாவெளி வீதியோரம் எங்கள் கராஜ் வளவில் நிற்கிறேன். பின்னால் தெரிவது ஏலத்தில் எடுத்த பழைய இராணுவ லொறி. நான்கு சில்லும் இழுக்கும். கீழே கட்டையில் கிடக்கிறதே, அதுதான் புதிதாக மாட்டப்போகும் பின் ஆக்ஸில், பின் சில்லுகளின் அச்சு. அதன் நடுவே இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டிதான் டிஃப், அதாவது டிஃபரன்ஷல்.

"எந்த ரேஷியோ நல்லது?" என்று பலர் கேட்கிறீர்கள். சில்லு ஒரு சுற்று சுற்ற, டிஃப்புக்கு வரும் சாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டுமோ அதுதான் ரேஷியோ. ரயரைச் சொல்லாமல் அதற்குப் பதில் கிடையாது. அமெரிக்க எம் 35 லொறியை எடுங்கள். அதன் ஆக்ஸில் ரேஷியோ 6.72. பழைய 9.00-20 ரயரோடு மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால், நேர் கியரில், அதாவது எஞ்சினும் சாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2100 சுற்று சுற்றும். அழகுக்காக 395/85 ஆர் 20 ரயரை மாட்டினால் உயரம் 40 அங்குலத்திலிருந்து 46 ஆகிவிடும். டிஃப்பைத் தொடாமலே ரேஷியோ 5.8 ஆனது போலத்தான். ஹபரணை வீதியில் சுகமாக ஓடும். புல்மோட்டைப் பக்கம் கடற்கரை மணலில் இழுவை போதாது, கிளட்ச்தான் கருகும். பாரம் ஏற்றி மணலில் இறங்குபவர் பெரிய ரயர் போட்டால், ரேஷியோ எண்ணையும் அதே அளவுக்குக் கூட்ட வேண்டும்.

இரண்டு பக்கச் சில்லும் ஒன்றாகச் சுற்றும்படி டிஃப்பைப் பூட்டும் லொக்கர் விஷயத்தில் என் முடிவு இது: பின்னுக்கு மட்டும், அதுவும் காற்றில் பூட்டும் வகை. தானாகப் பூட்டுவது மணலுக்கு அருமை. ஆனால் மார்கழி மழையில் ஈரத் தார் வளைவில் வண்டியின் பின்பக்கத்தை உதறிவிடும். எனக்கு அது வேண்டாம்.

அடுத்ததைக் கட்டாயம் கேளுங்கள். முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருக்க வேண்டும். போன தடவை, விற்றவர் "இரண்டும் ஒன்றுதான்" என்றார், நம்பி மாட்டினேன். மணலில் ஒன்றும் தெரியவில்லை, சில்லு வழுக்கிச் சமாளித்துவிட்டது. நான்கு சில்லு இழுவையிலேயே தார் வீதிக்கு ஏறினேன். அங்கே சில்லு வழுக்க இடமில்லை. ஸ்டியரிங் கனத்தது, நான்கு சில்லு இழுவையை விடுவிக்கும் லீவர் கழலவே இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு பற்சக்கரம் பல் உதிர்ந்து போனது. அன்று மனது விட்டுப் போயிற்று.

அதனால் இன்று ரேஷியோவை எண்ணிவிட்டுத்தான் மாட்டுவேன். லொக்கர் இல்லாத சாதாரண டிஃப் என்றால், ஒரு பக்க ஹப்பை, அதாவது சில்லு மாட்டும் குடத்தை, அசையாமல் கட்டி, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன், அதாவது சாஃப்ட் வந்து சேரும் சின்னப் பற்சக்கரம், எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. வண்டியிலேயே செய்வதென்றால் சில்லுக்குக் கட்டை வையுங்கள். பல இராணுவ லொறிகளில் கைப்பிரேக் சாஃப்டில்தான் பிடிக்கும், நியூட்ரலில் அதை விட்டதும் உருண்டுவிடும்.

சரி, சோக்கட்டியால் குறி போட்டாயிற்று. சுற்றுகிறேன், பாருங்கள்... நாலு, ஐந்து, ஆறு... ஆறு சுற்று, அப்புறம் கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. நேற்று முன் ஆக்ஸிலிலும் குறி இதே இடத்தில்தான் நின்றது. தம்பி, ஜக்கைக் கொண்டு வாங்கோ, மாட்டுவோம்.