ஓவியத்துக்கு முன்னால் 18 நிமிடம்

எல்லோருக்கும் வணக்கம்.

மியூசியத்துக்குள், ஓவியத்துக்குப் பக்கத்தில், ஜாஸ் இசையும் கவிதையும் எதற்கு என்பதுதான் இன்றைய பேச்சு. முன்னுரை வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் செய்த ஒரு ஆய்வு 2001ல் வெளியானது. ஆறு பெரிய ஓவியங்களை எடுத்துக்கொண்டு, வருகிறவர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். சராசரி 27 விநாடி. அதுவும் சிலர் நெடுநேரம் நின்றதால் ஏறிய சராசரி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததை நாம் 17 விநாடியில் பார்த்து முடிக்கிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் பார்த்தேன்.

அதை மாற்றியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அமெரிக்காவில் என் தங்கை இருக்கும் ஊரில் ஒரு நடுத்தரமான கலை மியூசியம், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரவு வரை திறந்திருக்கும். மாடியில் ஒரு கேலரியில் இருபது பேர் போல நின்றுகொண்டிருந்தார்கள், என்னவென்று பார்க்க நாங்களும் போய் நின்றோம். மேடை இல்லை, மைக் இல்லை, ஒரு நாற்காலிகூட இல்லை. சுவரில் ஒரே ஒரு ஓவியம்: ஜன்னலோரம் நின்று துணிக்கு இஸ்திரி போடும் ஒரு பெண். அதற்குப் பக்கத்தில், ஆளுயர வயலின் போன்ற டபுள் பாஸோடு ஒருவர், சாக்ஸபோனோடு ஒருவர், கையில் இரண்டு தாள்களோடு ஒரு பெண்மணி. பாஸ் வாசிப்பவர் வாத்தியத்தின் கீழ்முனை மரத்தரையில் குத்திவிடக் கூடாதே என்று ஒரு சின்ன ரப்பர் தட்டு வைத்து, அதன்மேல் நிறுத்திக்கொண்டார். முதல் தந்தியை அவர் இழுத்தபோது காதில் கேட்டது மட்டுமல்ல, உள்ளங்காலிலும் தெரிந்தது. அந்தப் பெண்மணி தாளில் இருந்த கவிதையில் நாலு வரி படித்து நிறுத்துவார், சாக்ஸபோன்காரர் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போவார், அப்புறம் மறுபடி நாலு வரி. இவ்வளவு பக்கத்தில் நின்றால் ஊதுவதற்கு முன்னால் அவர் மூச்சை உள்ளே இழுப்பதுகூடக் கேட்கும்.

கவிதை அந்த ஓவியத்தை வர்ணிக்கவே இல்லை. கவிஞருடைய அம்மாவின் மணிக்கட்டைப் பற்றியும், சூடான துணியில் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று வருமே அந்தச் சத்தத்தைப் பற்றியும்தான் பேசியது. அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன், ஓவியத்தில் மேஜையின் ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. அதுவரை அது என் கண்ணில் படவில்லை. எல்லாம் முடிய 18 நிமிடம் ஆனது. அந்த 18 நிமிடமும் நான் ஒரே ஓவியத்தின் முன்னால் நின்றிருந்தேன்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். மியூசியத்துக்குள் இப்படி ஜாஸையும், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த அந்த இசையையும், கவிதையையும் கொண்டுவருவது கூட்டம் சேர்க்கத்தான் என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. கூட்டம் வரட்டும், நல்லதுதான். ஆனால் உண்மையான பலன் வேறு: காது நம்மைப் பிடித்து ஒரு இடத்தில் நிறுத்திவைக்கிறது, நின்ற பிறகு கண் தன் வேலையைச் செய்ய ஆரம்பிக்கிறது. அதனால்தான் இந்த நிகழ்ச்சிகள் குறுகியதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். கால் கடுக்காமல் நிற்க முடிகிற நேரம், அவ்வளவுதான். இரண்டு மணி நேரக் கச்சேரி என்றால் நாற்காலி போட வேண்டும், நாற்காலி போட்டுவிட்டால் எல்லோரும் வாசிப்பவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள், ஓவியம் பின்னால் தொங்கும் திரைச்சீலை ஆகிவிடும். நியூயார்க் நவீனக் கலை மியூசியம் தன் சிற்பத் தோட்டத்தில் 1960லேயே கோடைகால ஜாஸ் நிகழ்ச்சிகளை ஆரம்பித்தது, 1985 ஜூலையில் சோனி ராலின்ஸ் அங்கே துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் தனியாக சாக்ஸபோன் வாசித்தது இசைத்தட்டாகவும் வந்தது. அவை பெரிய கச்சேரிகள், எனக்கு அவற்றின் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே மாடியில் தொங்கும் ஓவியம் தெரியாது.

ஒரே படம் என்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம் லண்டனில் இருக்கிறது. அது ஜாஸ் இல்லை, மேற்கத்திய செவ்வியல் இசை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். 1939ல் போர் வந்ததும் நேஷனல் கேலரியின் ஓவியங்களை எல்லாம் ஊரைவிட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள், பிறகு அவை வேல்ஸில் மலைக்குள் ஒரு ஸ்லேட் சுரங்கத்தில் பத்திரமாக இருந்தன. லண்டனில் மிஞ்சியது வெறும் சுவர். மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் அங்கே மதிய நேரத்தில் கச்சேரி நடத்தலாமே என்று கேட்டார், இயக்குநராக இருந்த கென்னத் கிளார்க் சரி என்றார். 1939 அக்டோபர் 10ல் முதல் கச்சேரி, கட்டணம் ஒரு ஷில்லிங். ஆபீஸ் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வந்து கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். குண்டு விழுந்த நாட்களில் கீழ்த்தளத்துக்கு இறங்கி வாசித்தார்கள். 1946 ஏப்ரல் வரை மொத்தம் 1,698 கச்சேரிகள். இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று: 1942ல், மக்கள் கேட்டுக்கொண்டதால், சுரங்கத்திலிருந்து மாதம் ஒரே ஒரு ஓவியத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவ்வளவு பெரிய சேகரிப்பிலிருந்து ஒரே ஒரு படம்! பழைய இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த ஒரு படத்தின் முன்னால் அந்த மாதம் நின்றவர்கள் 17 விநாடியில் நகர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, இப்போது ஒலிக்கு வருகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு ஆரம்பிக்கும் பல நிகழ்ச்சிகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. கேலரி என்பது கல்லும் கண்ணாடியும் வழுவழுப்பான சுவரும். டிரம் செட்டைக் கொண்டுபோய்க் குச்சியால் அடித்தால் சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்பி வரும், மற்ற எதுவும் கேட்காது. கவிதை வாசிப்புக்கு இன்னும் ஆபத்து: எதிரொலியில் உயிரெழுத்து நீண்டுகொண்டே போகும், ஒற்று எல்லாம் கரைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், கட்டட ஒலியியல் என்ற துறையே ஒரு கலை மியூசியத்தில்தான் பிறந்தது. ஹார்வர்டில் ஃபாக் மியூசியம் கட்டி முடித்தபோது அதன் சொற்பொழிவு அறையில் யார் பேசினாலும் புரியவில்லை, ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. 1895ல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்தில் இருந்த நாடக அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்துகொண்டு வந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், அது வேறு. அந்த அளவுகளிலிருந்துதான் அவருடைய சூத்திரம் வந்தது, 1900ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அதை வைத்துக் கட்டியது. மனித உடம்பும் ஒரு மெத்தைதான், நின்று கேட்கிற கூட்டமே எதிரொலியைக் குடித்துவிடும். அதனால் இரண்டு வாத்தியம் போதும், டிரம் வேண்டும் என்றால் குச்சிக்குப் பதில் பிரஷ், டிரம்பெட் என்றால் அதன் அகன்ற முனையில் மியூட் என்ற சத்தம் குறைக்கும் அடைப்பு. இவ்வளவு கவனித்தால் மைக்கே தேவைப்படாது.

ஜாஸ் எதற்கு, வேறு இசை கூடாதா என்று கேட்பீர்கள். எதுவும் கூடும். ஆனால் நவீன ஓவியத்துக்கும் ஜாஸுக்கும் உள்ள உறவு இரத்த உறவு. டச்சு ஓவியர் மோன்ட்ரியான் 1940ல், 68 வயதில், போருக்குத் தப்பி நியூயார்க் வந்து இறங்கினார், பூகி வூகி என்ற துள்ளலான பியானோ இசையைக் கேட்டு மயங்கினார், அதுவரை அவர் படங்களில் நேராகப் போய்க்கொண்டிருந்த கறுப்புக் கோடுகள் உடைந்து மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகத் துள்ள ஆரம்பித்தன.

ஆனால் நான் அதிகம் நினைத்துக்கொள்வது ஜேக்கப் லாரன்ஸ் என்ற கறுப்பின ஓவியரைத்தான். அமெரிக்காவின் தெற்கிலிருந்து வேலை தேடியும் வன்முறைக்குப் பயந்தும் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் ரயிலேறி வடக்கே போன கதையை அவர் 60 சிறிய பலகைகளில் வரைந்தார். ஒவ்வொன்றும் 18க்கு 12 அங்குலம், அவ்வளவுதான். 1941ல் அதை முடித்தபோது அவருக்கு வயது 23. முதலில் வாசகங்களை எழுதினார், பிறகு படம். 60 பலகைகளையும் பரப்பிவைத்து, ஒரு வண்ணத்தை எடுத்தால் அந்த வண்ணம் வர வேண்டிய எல்லாப் பலகைகளிலும் அதைப் பூசிவிட்டுத்தான் அடுத்த வண்ணத்துக்குப் போனார், அதனால்தான் முதல் படத்தில் இருக்கும் மஞ்சள் கடைசிப் படத்திலும் அதே மஞ்சளாக இருக்கிறது, பல்லவி திரும்பத் திரும்ப வருவதுபோல. ரயிலும் ரயில் நிலையமும் அப்படித்தான் வந்துகொண்டே இருக்கும். இன்று ஒற்றைப்படை எண் படங்கள் வாஷிங்டனில் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனில் இருக்கின்றன, இரட்டைப்படை எண் படங்கள் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில்.

இப்போது இதை யோசித்துப் பாருங்கள். 1922ல் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தெற்கே நியூ ஆர்லியன்ஸிலிருந்து டிரம்பெட் குடும்பத்துக் கார்னெட்டை எடுத்துக்கொண்டு, கிங் ஆலிவரின் குழுவில் சேர சிகாகோவுக்கு ரயிலேறினார். லாரன்ஸின் முதல் பலகையில் கூட்டம் முண்டியடித்துப் போகும் வாசல்களில் ஒன்றின் மேல் எழுதியிருப்பதும் சிகாகோ என்றுதான். அந்த ஓவியமும் அந்த இசையும் ஒரே ரயிலில் வந்தவை. அப்படி இருக்கும்போது அந்தப் படத்தின் முன்னால் கார்னெட் வாசித்தால் அது அலங்காரம் ஆகுமா? 2015ல் அறுபது படங்களையும் நியூயார்க்கில் ஒன்றாக வைத்தபோது, கவிஞர் எலிசபெத் அலெக்ஸாண்டர் தேர்ந்தெடுத்த பத்துக் கவிஞர்கள், ரீட்டா டவ், யூசெஃப் கோமன்யாகா போன்றவர்கள், அந்த வரிசைக்காகப் புதிதாகக் கவிதை எழுதினார்கள். அந்தக் கண்காட்சியின் பெயரே லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதைத் தலைப்பு. ஹியூஸ் 1950களிலேயே ஜாஸ் குழுவோடு சேர்ந்து கவிதை படித்தவர், அந்தத் தலைப்பில் அவர் போட்ட கவிதை நூலுக்குப் படம் வரைந்தவர் இதே லாரன்ஸ்.

இங்கே கவிதை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓவியத்தின் முன்னால் படிக்க எழுதினால், தயவுசெய்து ஓவியத்தை மறுபடி சொல்லாதீர்கள். அது கண்ணெதிரே இருக்கிறது. நீங்கள் வேறு எங்கேயாவது போங்கள், அம்மாவின் மணிக்கட்டுக்குப் போங்கள். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் தாளத்தைப் போட்டபடி மற்றவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருப்பாரே, அப்படி.

இடம் விடுவது பற்றி இன்னொன்று. ரோமேர் பியர்டன் என்ற ஓவியர், ஹார்லெமில் வளர்ந்தவர், காகிதங்களை வெட்டி ஒட்டி அற்புதமான படங்கள் செய்தவர். அவருக்கு ஸ்டூவர்ட் டேவிஸ் என்ற மூத்த ஓவியர் ஒரு பாடம் சொன்னார்: எர்ல் ஹைன்ஸின் பியானோவைக் கேள், ஸ்வரங்களைவிட ஸ்வரங்களுக்கு நடுவில் அவர் விடும் இடைவெளியைக் கவனி. பியர்டன் அப்படியே கேட்டுக் கேட்டு, வண்ணத்துக்கும் வண்ணத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கற்றுக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர்க் கிண்ணம் என் கண்ணில் பட்டதும் அப்படி ஒரு இடைவெளியில்தான். அந்தப் பெண்மணி படித்து நிறுத்திவிட்டார், சாக்ஸபோன்காரர் இன்னும் மூச்சை இழுக்கவில்லை.