வேலை இல்லாததா, உறவு இல்லாததா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் நிறைய வந்திருக்கும் பெற்றோர்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

‘இளைஞர்களை வலதுசாரித் தீவிரவாதத்துக்கு இழுப்பது வேலையில்லாத் திண்டாட்டமா, உறவுக்கான ஏக்கமா?’ இதுதான் இன்றைய தலைப்பு. தன் இனமே உயர்ந்தது என்று சொல்லி மற்ற இனத்தவரையும் மதத்தவரையும் வெறுத்துத் தாக்கும் போக்கைத்தான் வலதுசாரித் தீவிரவாதம் என்கிறோம். வேலையில்லாத் திண்டாட்டம்தான் என்று எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா அடித்துச் சொன்னார். 1990இல் ஜெர்மனி ஒன்றானபின் கிழக்குப் பகுதியில் ஆலைகள் மூடப்பட்டதைச் சொன்னார். 1992இல் ரொஸ்டாக் நகரில் வியட்நாமியத் தொழிலாளர்கள் குடியிருந்த கட்டடத்துக்கு இனவெறிக் கும்பல் தீ வைத்ததைச் சொன்னார். இரண்டும் நடந்தவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கா, வேலை போன லட்சக்கணக்கான பேரில் மிகப் பெரும்பாலோர் யார் வீட்டுக்கும் தீ வைக்கவில்லையே! அத்தனை பேரும் போகாத வழியில் சிலர் மட்டும் ஏன் போனார்கள்? அவர்களுக்கு வேறு எது குறைந்தது என்றுதானே நாம் கேட்க வேண்டும்?

நார்வே வசதியான நாடு. அங்கே 2011 ஜூலை 22 அன்று ஒஸ்லோவில் குண்டு வைத்து, உதோயா தீவில் முகாமிட்டிருந்த இளைஞர்களைச் சுட்டு, 77 பேரைக் கொன்றவன் அந்த மண்ணிலேயே வளர்ந்தவன். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் நம் மலேசியாவின் 17 வயதுப் பிள்ளையும் ஒருவன். கொன்றவன் என்ன, சோற்றுக்கு இல்லாதவனா? அப்பா வழியாக வந்த பணத்தில் நாடு நாடாகச் சுற்றியவன் என்று அந்நாட்டு விசாரணை ஆணையம் எழுதி வைத்திருக்கிறது. மனிதர்களோடு அவனுக்கு நெருங்கிய பழக்கம் குறைவு என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. பணம் இருந்தது, ஆள்தான் இல்லை.

இந்தத் தீவிரவாதக் கும்பல்கள் முதல் நாளே இனவெறிப் பாடம் நடத்துவதில்லை. முதலில் ஒரு பாட்டுக் கச்சேரி, எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை, ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி போட்டாலும் பதில் வரும் அரட்டைக் குழு. வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்காத பையனை அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வெறுப்பு அப்புறம்தான் வருகிறது. அதைப் பேசினால்தான் அந்தக் கூட்டத்தில் இடம் என்றானதும் பேசத் தொடங்குகிறான். பேசப் பேச நம்பவும் தொடங்குகிறான்.

நடுவர் அவர்களே, நமக்கு இது தெரியாத சங்கதியா? நம் அடுக்குமாடிப் பையன்கள் குண்டர் கும்பலில் எப்படிச் சேர்கிறார்கள்? அப்பா ராத்திரி ஷிப்ட், அம்மா இரண்டு இடத்தில் வேலை. எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடித்த பையன் கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். ஓர் அண்ணன் வந்து ரொட்டி சானாய்க்குக் காசு கொடுக்கிறார். “சாப்டியாடா தம்பி?” என்று கேட்கிறார். வீட்டில் யாரும் கேட்டு நாளாகிவிட்ட கேள்வி அது. பாட்டி இறந்தால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அந்த அண்ணன் ஆட்களோடு வந்து நிற்கிறார். பாடை தூக்கவும் ஆள், செலவுக்கும் ஆள். சில இறுதி ஊர்வலங்களில் கும்பலுக்கு அடையாளமான எண் போட்ட கொடியை நாமே பார்த்திருக்கிறோம். அந்தப் பையனிடம் போய், “உனக்கு வேலை வாங்கித் தருகிறேன், அந்த அண்ணனை விட்டுவிடு” என்று சொல்லிப் பாருங்கள். விடமாட்டான். ஐரோப்பாவில் அந்த அண்ணனின் கையில் இனவெறிக் கொடி இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். ஹிட்லரைப் போற்றும் நவநாஜிக் கும்பல்களிலிருந்து வெளியே வர நினைப்பவர்களுக்கு உதவ, ஒரு முன்னாள் போலீஸ்காரரும் ஒரு முன்னாள் நவநாஜித் தலைவரும் சேர்ந்து 2000இல் தொடங்கிய ‘எக்ஸிட்’ அமைப்பினர்தான் அவர்கள். 2011இல் கெரா நகரில் நடந்த இனவெறிப் பாட்டுக் கச்சேரியில் அதை நடத்தியவர்களைக் கொண்டே 250 டி-சட்டைகளை இலவசமாகக் கொடுக்க வைத்தார்கள். மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்புச் சட்டை. ஆசையாய் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வீட்டில் துவைத்ததும் மேல் சாயம் கரைந்து, அடியில் இருந்த எழுத்து தெரிந்தது: “உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும். வலதுசாரித் தீவிரவாதத்திலிருந்து விடுபட நாங்கள் உதவுகிறோம்.” அந்தச் சட்டையில் வேலை வாய்ப்பு விளம்பரமா போட்டார்கள்? உனக்குத் துணையாக நாங்கள் இருக்கிறோம் என்றுதான் போட்டார்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டுக்கு வருகிறேன். 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் ஒரு பையனைப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். வயது 16, இந்திய வம்சாவளி. கிறைஸ்ட்சர்ச் கொலைகாரனைப் பின்பற்றி, அதே மார்ச் 15இல் இரண்டு பள்ளிவாசல்களில் வெட்டுக்கத்தியோடு நுழையத் திட்டம் போட்டிருந்தான். அவன் மனத்தில் இவ்வளவு வெறுப்பு இருந்தது வீட்டாருக்குத் தெரியவில்லை. ஒரே கூரை, ஒரே சாப்பாட்டு மேசை, தெரியவில்லை! 2024 ஜனவரியில் இன்னொரு 16 வயதுப் பையனைப் பற்றி அந்த அரசு அறிவித்தது. அவன் சீனன். தன்னை வெள்ளை இன மேலாதிக்கவாதி என்று சொல்லிக்கொண்டான். கறுப்பின மக்களுக்கு எதிரான வீடியோக்களை அவன் பரப்பியது ஏன்? அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவன் என்ற உணர்வு அதில் கிடைத்ததாம்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பள்ளிச் சீருடை போடும் வயதில் இருந்த இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் எந்த ஆலை மூடியது? யார் வேலையைப் பறித்தார்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.