அட்டையில் எழுதிய தெரு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. தெருநாய்களைப் பிடித்து வந்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுகிற இடம் அது. எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர்களிடம் இந்த முழுப் பெயரைச் சொன்னால் தெரியாது. நாய் ஆஸ்பத்திரி என்றால் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

காலை ஆறு மணிக்கு எங்கள் வண்டி கிளம்பும். தெருவில் ஆள் நடமாட்டம் கூடுவதற்குள் பிடித்தால்தான் நாய்க்கும் நல்லது, பிடிக்கிறவருக்கும் நல்லது. வலையில் விழுந்த நாயை வண்டியில் ஏற்றும் முன்பே அதன் கழுத்தில் ஒரு அட்டை கட்டுவோம். ஒரு எண், தேதி, அப்புறம் பிடித்த இடம். 'மாரியம்மன் கோயில் தெரு, தண்ணீர்த் தொட்டி ஓரம்', 'மூன்றாவது குறுக்குத் தெரு, இஸ்திரி வண்டிக்கு எதிரே' என்று எழுதியிருக்கும். எங்கள் மையத்தில் ஒரு நாயைப் பற்றிய காகிதங்கள் எத்தனையோ உண்டு. எடை, ஊசி மருந்தின் அளவு, தையல் போட்ட நேரம் எல்லாவற்றையும் எழுதுகிறோம். ஆனால் அந்த அட்டையில் இருக்கும் ஒரு வரி தப்பாகப் போனால் மற்ற எல்லாமே வீணாகிவிடும். இன்று அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச ஆசைப்படுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

வந்த நாய்க்கு அன்று இரவு சாப்பாடு கிடையாது. வயிற்றில் சோறு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போய்விடும். மறுநாள் காலையில் ஒவ்வொன்றின் உதட்டையும் தூக்கி ஈறைப் பார்ப்பேன். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்தில் உடனே ரத்தம் ஓடி வந்து சிவக்க வேண்டும். தெருநாய்களுக்கு உண்ணி சாஸ்தி. உண்ணி பரப்பும் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, வெட்டிய இடத்தில் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் அந்த நாய்க்கு அன்று அறுவை சிகிச்சை இல்லை. மருந்தும் நல்ல சாப்பாடும் கொடுத்துத் தேற்றிவிட்டுத்தான் மேசையில் ஏற்றுவோம். பால் கொடுக்கிற தாயாக இருந்தால் அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிடுவேன். குட்டிகள் எந்தச் சாக்கடை ஓரத்தில் பசியோடு கிடக்கின்றன என்று நமக்குத் தெரியாது அல்லவா.

கெட்டமின் ஊசி போட்ட நாய் கண்ணை மூடாது. உடம்பு மயங்கிக் கிடக்கும், கண் மட்டும் திறந்தபடி நம்மையே பார்ப்பது போல இருக்கும். இமைக்காத கண் காய்ந்து புண்ணாகிவிடும் என்பதால் முதல் வேலையாகக் கண்ணில் களிம்பு வைப்போம். நாக்கை ஒரு பக்கமாக வெளியே இழுத்துவிடுவோம். விலாவுக்குப் பின்னால் முடியை மழித்து, இரண்டு விரல் அகலத்துக்குத்தான் கீறுவேன். அந்தச் சின்ன வாசல் வழியாகக் கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் வெளியே எடுக்க வேண்டும். சினைப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரத்தக்குழாயில் போடுகிற கட்டுதான் இந்த அறுவை சிகிச்சையின் உயிர். அது நழுவினால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் உள்ளேயே ரத்தம் கொட்டி, ராத்திரியோடு நாய் போய்விடும். அதனால் நான் ஒவ்வொரு கட்டையும் இரண்டு தடவை போடுவேன். எத்தனை ஆயிரம் செய்திருந்தாலும் சரி, இரண்டாவது முடிச்சைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பஞ்சு வைத்துப் பார்ப்பேன். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தால்தான் வயிற்றை மூடுவேன்.

மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் ஒரு சின்ன வெட்டு. உங்கள் தெருவில் காது வெட்டுப்பட்ட நாயைப் பார்த்திருப்பீர்கள். யாரோ கொடுமை செய்துவிட்டார்கள் என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அது எங்கள் முத்திரைதான். இதற்குக் கருத்தடை ஆகிவிட்டது, மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக வைப்பது.

சில நாய்கள் வாரக்கணக்கில் எங்களோடு தங்கும். பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு கட்டியோடு வரும் நாய்கள் அப்படித்தான். இது நாயிலிருந்து நாய்க்கு இணைசேரும்போது தொற்றுகிற ஒரு வகைப் புற்று. பார்க்கவே பயங்கரமாக இருக்கும், ஆனால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் நாலைந்து வாரத்தில் கரைந்துவிடும். அந்த மருந்து நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்தது. எங்கள் மையத்தின் சுவர் ஓரத்தில் அந்தச் செடி தானாக முளைத்துக் கிடக்கிறது. களை பறிக்க வருகிறவர்களிடம் அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, அட்டைக்கு வருகிறேன்.

2023-இல் மத்திய அரசு வெளியிட்ட விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று சொல்கின்றன. 2001-இல் வந்த பழைய விதியும் அதையேதான் சொன்னது. இதுதான் பலருக்குப் பிடிக்காத விஷயம். தினமும் போன் வரும். "டாக்டரம்மா, கொண்டுபோனது கொண்டுபோனதாகவே இருக்கட்டும், திரும்ப எங்கள் தெருவுக்கு வேண்டாம்" என்பார்கள். ஒருமுறை ஓர் அப்பா, கணுக்காலில் கட்டுப் போட்ட மகளைக் கையில் தூக்கிக்கொண்டே மையத்துக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. "பிள்ளை ஸ்கூலுக்குப் போக பயப்படுகிறாள் மேடம், அந்த நாய் அங்கேயே நிற்கிறது" என்றார். அந்தக் குழந்தை என் மேசை மேல் இருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்ததும் அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாய்களுக்காக வேலை செய்கிறவள் நான், அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நாய் தன் எல்லைக்குள் வேறு நாயை விடாது. உங்கள் தெருவில் நாலு நாய் இருக்கிறது என்றால், அங்கே நாலு நாய்க்குப் போதுமான குப்பையும் மிச்சச் சோறும் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நாலையும் தூக்கிவிட்டால் சோறு அப்படியே இருக்கும், காவல் இருக்காது. பக்கத்துத் தெருக்களிலிருந்து தடுப்பூசி போடாத, கருத்தடை ஆகாத புதுசுகள் வந்து சேரும். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். காலியான இடம் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தடுப்பூசி போட்ட நாய் தன் தெருவில் நிற்கும்போது, வெறிநோய் அந்தத் தெருவைத் தாண்டிப் போக முடியாது. ஒரு ஊரில் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த 70 விழுக்காடும் தெருவில் இருந்தால்தான் கணக்கு பலிக்கும்.

கொன்று பார்த்த காலமும் உண்டு. சென்னையில் பல பத்தாண்டுகளாக மாநகராட்சியே தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. நாய்கள் குறையவில்லை. 1996-இல் கொல்வதை நிறுத்திவிட்டுக் கருத்தடைக்கு மாறினார்கள். ஆனால் நாங்கள் போக வேண்டிய தூரம் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. 2024-இல் சென்னையில் எண்ணியபோது சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் தெருநாய்கள் இருந்தன, அவற்றில் கருத்தடை ஆனவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கருத்தடை என்பதே பிரயோஜனம் இல்லாதது என்று இதை வைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. குட்டிகள் பிறக்கிற வேகத்துக்கு மேசைகள் போதவில்லை, மருத்துவர்கள் போதவில்லை என்றுதான் எனக்கு அந்த எண்ணிக்கை சொல்கிறது.

2025 ஆகஸ்ட்டில் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22-ஆம் தேதி அதைத் திருத்தியது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின் அதே இடத்தில் விடலாம் என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை மட்டும் அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. பள்ளி வாசலைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் காப்பகம் என்று சொல்வது சுலபம். ஒரு கூண்டில் நாலு நாய்க்கு மேல் போனாலே சண்டை வரும். ஒரு நாய்க்கு டிஸ்டம்பர் என்ற தொற்றுநோய் வந்தால் வரிசை முழுக்கப் பரவும். ஆயுள் முழுக்க நாய்களை வைத்துக் காப்பாற்ற இடம், தண்ணீர், சோறு, தினமும் கழுவிவிடும் கைகள் எல்லாம் வேண்டும். இவற்றைக் கொடுக்காமல் கதவை மட்டும் பூட்டினால் அந்த இடத்தைக் காப்பகம் என்று சொல்ல என் நாக்கு எழும்பாது.

எங்கள் மையத்தின் கடைசியில் தனியாக ஒரு கூண்டு உண்டு. வெறிநோய் சந்தேகம் உள்ள நாய்க்கானது. விதிப்படி அதை நாங்கள் கொல்லக் கூடாது. தனியாக வைத்து, அதுவாக இறக்கும்வரை கவனிக்க வேண்டும். பெரும்பாலும் பத்து நாள் ஆகாது. முதலில் குரைப்பு மாறும். தொண்டை கட்டிப்போன மாதிரி, பாதியில் ஊளையாக முடியும். கம்பியைக் கடிக்கும், கல்லை விழுங்கப் பார்க்கும். அப்புறம் கீழ்த்தாடை தொங்கிப்போய் எச்சில் நூலாக ஒழுகும். நாய் தண்ணீரைக் கண்டு பயப்படும் என்று நம்புகிறார்கள். அது மனிதர்களுக்கு வருகிற அறிகுறி. நாய் தண்ணீர்ச் சட்டிக்குள் முகத்தை முக்கும், குடிக்கப் பார்க்கும், தொண்டை வேலை செய்யாததால் முடியாது. அந்தச் சட்டியின் முன்னால் அது நிற்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்காது. செய்வதற்கு எதுவும் இருக்காது. கூண்டை இருட்டாக, சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இதைக் கேட்கிறவர்கள் தயவுசெய்து ஒன்றை நினைவில் வையுங்கள். வாய் திறந்தபடி தாடை தொங்கி நிற்கிற நாயைப் பார்த்தால், எலும்பு மாட்டிக்கொண்டதாக நினைத்து வாய்க்குள் கை விடாதீர்கள். இரக்கப்பட்டுக் கை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களைக் கூப்பிடுங்கள். கடியோ கீறலோ பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பழைய பயத்தை விட்டுவிடுங்கள், அந்த மருந்தை நிறுத்தி இருபது வருடமாகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்திருந்தால் காயத்திலும் அதைச் சுற்றியும் போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். நாய் நல்லாத்தானே இருக்கிறது என்று கடைசி ஊசியை விடாதீர்கள். அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற எங்களிடமும் வழி இல்லை, மனித மருத்துவர்களிடமும் வழி இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தப்பு நடந்தது. கூண்டு கழுவும்போது தண்ணீர் பட்டு ஒரு அட்டையில் மை கரைந்துவிட்டது. செம்பழுப்பில் ஒரு பெட்டை, வலது முன்னங்காலில் மட்டும் வெள்ளை. எண் அரைகுறையாகத் தெரிந்தது. பதிவேட்டில் ஒப்பிட்டு நான்தான் ஒரு தெருப் பெயரைச் சொன்னேன், வண்டி அங்கே போய் விட்டுவிட்டு வந்தது. மறுநாள் வேறொரு தெருவிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். இஸ்திரி போடுகிறவர். "எங்கள் நாயை ஏழு நாள் முன்னாடி கொண்டுபோனீர்களே, எப்போது வரும்?" என்றார். அடையாளம் கேட்டேன். வலது கால் வெள்ளை என்றார்.

வண்டி ஓட்டுகிற அண்ணனும் நானும் அன்று சாயங்காலமே போனோம். இறக்கிவிட்ட தெருவில் அது இல்லை. அந்தத் தெரு நாய்கள் துரத்தியதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். மூன்று நாள் தேடினோம். ஒரு பாலத்தடியில், லாரிகள் நிற்கிற இடத்தில் படுத்திருந்தது. காதில் புதுக் கடிக்காயம், தையல் இருந்த இடம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்து எழுந்து ஓடக்கூட இல்லை. அண்ணன் வலையை வண்டியிலேயே வைத்துவிட்டு, பன் ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே பக்கத்தில் போய், இரண்டு கையாலும் தூக்கினார்.

அன்றிலிருந்து அட்டையில் அழியாத மையில் எழுதுகிறோம், பிடித்த இடத்தை நாயோடு சேர்த்து போனில் படமும் எடுத்துக்கொள்கிறோம்.

காயம் ஆறும்வரை பன்னிரண்டு நாள் அதை வைத்திருந்து, நானே கூடப் போனேன். மூன்றாவது குறுக்குத் தெரு. கதவைத் திறந்ததும் உடனே இறங்கவில்லை. மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் காற்றை முகர்ந்தது. அப்புறம் குதித்து இறங்கி, மின்கம்பத்தை ஒரு சுற்று முகர்ந்துவிட்டு, நேராக இஸ்திரி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த அம்மா கரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கழுத்தில் இன்னும் அட்டை இருந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன், கயிற்றை அவரே வெட்டினார்.