மொட்டை மாடியில் ஒரு மெல்லிய கம்பி

நேயர்களுக்கு வணக்கம். ஹாம் ரேடியோக்காரர், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர், பேசப்போகிறார் என்றதும், தூரதேசத்து ஆளோடு பேசிய கதை வரும் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஹாம்கள் பிறர் கண்ணில் படாமல் கட்டுகிறோமே ஆன்டெனா, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன், ஏனென்றால் நான் கட்டிய ஆன்டெனாவில் ஒருவருடைய விரல் சுட்டுவிட்டது.

சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். மொட்டை மாடியில் யாரும் கம்பம் நடக் கூடாது, சுவரில் கேபிள் தொங்கக் கூடாது என்று எங்கள் அசோசியேஷனில் விதி. மத்திய அரசு கொடுத்த உரிமம் கையில் இருக்கிறது, சரி, ஆனால் அது அலைவரிசையில் பேசத்தான் அனுமதி, பொது மாடியில் கம்பம் நட இல்லை. அமெரிக்க ஹாம்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஊர் நிர்வாகங்கள் ஹாம் ஆன்டெனாவுக்கு நியாயமாக இடம் கொடுக்க வேண்டும் என்று அங்கே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. 1985-இல் சொன்னது, ஆனால் வீட்டு உரிமையாளர் சங்கங்களின் ஒப்பந்தங்களை அது தொடவில்லை. அதனால் கொடிமரத்துக்குள்ளேயும் கூரைக்கு அடியிலேயும் ஆன்டெனாவை ஒளித்து வைக்கிறார்கள்.

நானும் ஒளித்தேன். அலை நீளம் 40 மீட்டர் உள்ள பேண்டுக்கு, அதில் பாதியாக 20 மீட்டர் கம்பி போதும். ரிச்சி தெருவில் வாங்கிய, மோட்டார் சுற்றும் மெல்லிய எனாமல் கம்பியை என் பால்கனியிலிருந்து மேலே ஏற்றி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக இழுத்து, துணிக்கொடி கட்டும் கம்பத்தில் முடித்தேன். பத்தடி தள்ளி நின்றால் எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 50 வாட்டில் பேசிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார் மேல்வீட்டு அக்கா. கொடியில் இடமில்லாமல் ஈரப் புடவையின் முனையை அந்தக் கம்பத்தில் கட்டப் போயிருக்கிறார். ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. "ஷாக் மாதிரி இல்ல தம்பி, ஊதுபத்தி பட்ட மாதிரி சுருக்குன்னுச்சு" என்றார்.

ஒரு முனையில் மின்சாரம் ஊட்டும் அரை அலைக் கம்பியில், மின்னழுத்தம் இரண்டு முனைகளிலும் உச்சத்தில் இருக்கும். அந்த முனைக்கு ஏற்றபடி மின்னழுத்தத்தை உயர்த்தும் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 50 வாட்டிலேயே ஏறக்குறைய 350 வோல்ட், 100 வாட்டில் 500-ஐ ஒட்டி வரும். ரேடியோ அலை தோலுக்கு அடியிலும் சுடும், அதனால் சின்னப் புள்ளியானாலும் ஆற நாளாகும். அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அக்கா அதன் பக்கமே போயிருக்க மாட்டார். நான் ஒளித்ததால்தான் தொட்டார். இதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை, அந்த இடத்தில் அவர் பேத்தி நின்றிருந்தால்?

அன்று சாயங்காலமே கம்பியை அவிழ்த்துவிட்டு, செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார். பிறகு கூட்டத்தில் வைத்தார்கள். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியதை எடுத்துச் சொன்னேன். கை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், புகார் வந்தால் கழற்ற வேண்டும், இந்த இரண்டு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். இப்போது கம்பியின் நுனி பி.வி.சி. குழாயின் உச்சியில், தூண்டில் நரம்பில் நிற்கிறது. பால்கனி முனை மூடிய பெட்டிக்குள். கீழே தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். துணி காயப்போடும் காலை நேரத்தில் பேசுவதே இல்லை.

பால்கனியில் வளைய ஆன்டெனா வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மீட்டர் வளையம் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் அதன் கன்டென்சரில் 10 வாட்டிலேயே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடும். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள், செங்கல் சுவர் இந்த அலையை அப்படியே உள்ளே விடும். பவரைக் குறையுங்கள், தள்ளி வையுங்கள். பேச்சில் விட்டுவிட்டுத்தான் பவர் போகும், கணினி வழியாகச் செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறையில் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 13 விநாடி முழு பவர், அதனால் அதற்கு இன்னும் கூடுதல் இடைவெளி வேண்டும்.

ஈ.பி. லைனுக்கு மேலேயோ கீழேயோ கம்பி போகவே கூடாது, அறுந்து விழுந்தால்கூட அதை எட்டாத இடத்தில்தான் கட்ட வேண்டும். இரவில் யாரும் பார்க்காதபோது கல்லைக் கட்டி மரத்தின் மேல் வீசுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், இருட்டில் லைன் தெரியாது. பக்கத்து வீட்டு டி.வி.யில் கோடு விழுந்தால் செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளில் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையம் போடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்புறம் இடி. ஐப்பசி, கார்த்திகையில் செட்டை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. மேகம் திரளும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட வேண்டும். இடி கேட்ட பிறகு கழற்றப் போகாதீர்கள். போன மாதம் நான் அலுவலகத்தில் இருந்தபோது மேல்வீட்டு அக்காவிடமிருந்து போன். "தம்பி, கருத்துக்கிட்டு வருது, உங்க வயரு கழட்டி இருக்கா?" கழற்றித்தான் இருந்தது.