சரணடைந்தவன் கோழையா? சிங்கப்பூர் 1942, சயாம் ரயில், உயிரோடு திரும்பியவர்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு சிப்பாய் சரணடையலாமா, கூடாதா? யாரிடம் கேட்டாலும் யோசிக்காமல் ஒரே பதில்தான் வரும்: கூடாது, கடைசித் தோட்டா வரைக்கும் நின்று சாக வேண்டும். நாம் வளர்ந்த விதம் அப்படி. முதுகில் புண் பட்டால் அவமானம் என்று கேட்டு வளர்ந்தோம். சோழன் சிறையில் தண்ணீர் கேட்டு, அது தாமதமாக வந்ததால் குடிக்காமலே உயிரை விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் இரும்பொறை விட்டது தன் உயிரை. தனக்குக் கீழே எண்பதாயிரம் பேர், பக்கத்திலேயே பத்து லட்சம் ஊர் மக்கள், அத்தனை பேர் உயிரும் ஒரே ஆளின் முடிவில் நிற்கும்போது என்ன செய்வது? அப்படி ஒரு நாள் நிஜமாகவே வந்தது. 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர்.

முன்கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்குகிறது. இரண்டே நாளில் பிரிட்டனின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும், கடலுக்குள் போகின்றன. ஜனவரி 31-க்குள் மலாயா முழுக்கக் கைவிட்டுப் போய், சிங்கப்பூர் தீவுக்குள் பின்வாங்கி, ஜொகூர் பாலத்தை வெடி வைத்து உடைக்கிறார்கள். பிப்ரவரி 8 இரவு ஜப்பான்காரர்கள் தண்ணீரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். வந்தது சுமார் முப்பதாயிரம் பேர், உள்ளே இருந்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கை மட்டும் பார்க்கிறவர்கள் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, பிப்ரவரி 10 அன்று சர்ச்சில் அனுப்பிய தந்தியில் என்ன இருந்தது தெரியுமா? படையைக் காப்பாற்றுவது பற்றியோ மக்களைக் காப்பாற்றுவது பற்றியோ இனி யோசிக்கவே கூடாது, கடைசி வரைக்கும் சண்டை, தளபதிகளும் பெரிய அதிகாரிகளும் சிப்பாய்களோடு சேர்ந்து சாக வேண்டும். லண்டனில் உட்கார்ந்து எழுதியது அது. ஐந்து நாள் கழித்து ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு அடியில் இருக்கும் பதுங்கு அறையில் பெர்சிவல் தன் தளபதிகளைக் கூட்டினார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டு வேறு. நீர்த்தேக்கங்கள் எதிரி கையில். ஊருக்குள் குண்டு விழுந்து குழாய்கள் உடைந்து, வருகிற கொஞ்சத் தண்ணீரும் தெருவில் ஓடுகிறது. இன்னும் ஒரு நாளைக்குத் தண்ணீர் வருமா என்பதே சந்தேகம். பெட்ரோல் தீரப் போகிறது. அகதிகளால் ஊர் பிதுங்குகிறது. அதற்கு முந்தின நாள்தான் அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் ஜப்பான் சிப்பாய்கள் புகுந்து டாக்டர்களையும் நோயாளிகளையும் குத்திக் கொன்றிருந்தார்கள். எதிர்த்தாக்குதல் நடத்தி புக்கிட் தீமாவையும் நீர்த்தேக்கங்களையும் திரும்பப் பிடிக்க முடியுமா என்று கேட்டார், முடியாது என்றார்கள். இனி எதிரிக்குச் சேதம் உண்டாக்க முடியாது என்ற நிலை வந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று மேலதிகாரி வேவலிடமிருந்து அதற்குள் அனுமதியும் வந்திருந்தது. அன்று சாயங்காலம் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலைக்கு வெள்ளைக்கொடியோடு நடந்து போய் ஜெனரல் யமாஷிட்டா முன்னால் கையெழுத்துப் போட்டார். அந்தப் போட்டோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அரைக்கால் சட்டையில் ஒல்லியாக ஒரு மனிதர்.

யமாஷிட்டாவிடமும் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன என்பது பின்னால் தெரிந்தது. தன் தாக்குதலே ஒரு மிரட்டல்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்னும் நாலு நாள் தாக்குப்பிடித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், மணிலாவைப் பாருங்கள். மூன்று வருஷம் கழித்து, 1945 பிப்ரவரியில், அதே யமாஷிட்டா மணிலாவை விட்டுப் பின்வாங்கச் சொல்கிறார், ஆனால் ஊருக்குள் இருந்த ஜப்பான் கடற்படைத் தளபதி இவாபுச்சி நகரவில்லை, வீதி வீதியாகச் சண்டை போட்டார். ஒரு மாதத்தில் செத்த பொதுமக்கள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். சிங்கப்பூர் அன்றைக்கு அப்படி ஆகியிருக்கும். பெர்சிவல் செய்த தவறுகள் எல்லாம் அதற்கு முன்னால்: வடகரையில் அரண் கட்டச் சொல்லி இன்ஜினியர் அதிகாரி சிம்சன் கெஞ்சியும் அவர் கேட்கவில்லை, 18-வது டிவிஷனின் பெரும்பகுதி ஜனவரி 29-ஆம் தேதிதான் கப்பலில் வந்து இறங்கி இரண்டே வாரத்தில் கைதியானது. அவற்றுக்கு அவரைத் திட்டலாம், நானும் திட்டுவேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து சரியான கையெழுத்து. அது எல்லோரையும் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. சரணடைந்த கொஞ்ச நாளிலேயே சீன ஆண்களை வடிகட்டிப் பிடித்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பாவம் சுட்டவர்களுடையது.

அப்புறம் கைதிகள் கதை. ஜப்பான் ராணுவத்துக்கு 1941 ஜனவரியில் வந்த நடத்தை விதி, உயிரோடு கைதியாகி அவமானப்படாதே என்று சொன்னது. தன் சிப்பாய்க்கே இப்படிச் சொல்லி வளர்த்த ராணுவம், எதிரிக் கைதியை மனிதனாக மதிக்குமா? 1929-இன் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஜப்பான், அதை நாட்டில் உறுதி செய்யவே இல்லை. ஜெர்மனி, இத்தாலி கையில் இருந்த பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகளில் 100-க்கு 4 பேர் செத்தார்கள். ஜப்பான் கையில் இருந்தவர்களில் 27 பேர். கடைசித் தோட்டா ஆட்களும் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள், இதற்குச் சண்டையிலேயே செத்திருக்கலாமே என்று. எனக்கு மீதி 73 பேர் கண்ணில் படுகிறார்கள். அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

முதலில் செலராங், சிங்கப்பூரில் கைதிகளை வைத்திருந்த சாங்கி பகுதியில் இருந்த படைமுகாம். 1942 ஆகஸ்ட் கடைசியில், தப்பி ஓட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் ஜப்பான்காரர்கள். தப்பிக்க முயல்வது சிப்பாயின் கடமை, எழுத மாட்டோம் என்றார்கள் கைதிகள். செப்டம்பர் 2 அன்று, தப்பிப் பிடிபட்ட நாலு பேரை சாங்கி கடற்கரையில் சுட்டார்கள். பார்க்கச் சொல்லி கைதித் தளபதிகளையும் அங்கே நிற்க வைத்திருந்தார்கள். அந்த நாலு பேரில் பிரேவிங்டன் என்ற கார்ப்பரல், தப்பிக்கச் சொன்னது நான்தான், கூட வந்தவனை விட்டுவிடுங்கள் என்று மன்றாடியிருக்கிறார். கேட்கவில்லை. அதே நாள் பதினைந்தாயிரம் பேருக்கும் மேல் செலராங் படைமுகாமுக்குள் அடைத்தார்கள். அது ஆயிரம் பேருக்குக்கூடக் கட்டப்பட்ட இடம் இல்லை. குடிதண்ணீருக்கு ஒன்றிரண்டு குழாய். அணிவகுப்பு மைதானத்தின் தார்த் தரையைக் கொத்திக் கொத்திக் கக்கூஸ் குழி தோண்டினார்கள், பக்கத்திலேயே சமையல். சீதபேதி வந்துவிட்டது. இன்னும் சில நாள் போனால் நூற்றுக்கணக்கில் சாவார்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அப்போது கைதிகளின் தளபதி கர்னல் ஹோம்ஸ் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள் என்று எழுத்திலேயே உத்தரவு கொடுத்தார். அதாவது பழி எனக்கு, உங்களுக்கு இல்லை. கட்டாயத்தில் போட்ட கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்திரேலியர்கள் நிறையப் பேர் தங்கள் ஊர்ப் பிரபலக் கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் பெயரைப் போட்டுக் கொடுத்தார்கள். பட்டாளம் பட்டாளமாகவே வெளியே வந்தது. தனித்தனியாக முடிவெடுக்கச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் முதலில் போட்டிருப்பார்கள், மீதிப் பாதி அவர்களைத் துரோகி என்றிருக்கும், அதற்கப்புறம் அந்த முகாமில் யாரும் யாரையும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்த நம்பிக்கைதான் சயாம் ரயிலில் உயிரைக் காப்பாற்றியது. தாய்லாந்தின் பான் போங்கில் இருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரைக்கும் 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் வெட்டி, ஜப்பான்காரர்கள் கைதிகளை வைத்துப் போட்ட ரயில் பாதை அது, 1943 அக்டோபருக்குள் முடித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள், அதில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் திரும்பவில்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? சாப்பாட்டு வரிசையின் தொடக்கத்தில் ஒரு அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவனும் தன் தட்டை அந்தக் கொதிநீரில் முக்கி எடுத்த பிறகுதான் சோறு விழும். பசியில் கை நடுங்கினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. விறகு கொண்டுவர ஆள், தண்ணீர் காய்ச்ச ஆள், வரிசையில் நின்று கண்காணிக்க ஆள். காலரா வந்தவனுக்கு உப்புநீர் ஏற்ற வேண்டும், மருந்து கிடையாது. லாரியில் இருந்து திருடிய பெட்ரோல் குழாயில் தண்ணீரைக் காய்ச்சி வடித்து, சமையல் உப்பைக் கரைத்து, ஸ்டெதஸ்கோப் ரப்பர் குழாயை நறுக்கி, மூங்கிலைச் சீவி ஊசியாக்கி நரம்பில் ஏற்றினார்கள்! காலில் வரும் ஆறாத புண்ணைக் கூராக்கிய கரண்டியால் சுரண்டினார்கள். அதிலும் கேட்காமல் எலும்பு தெரிந்தவர்களுக்கு, ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய சர்ஜன் பர்மா பக்கம் ஒரு குடிசையில் காலையே எடுத்தார். எடுத்த ரம்பத்தைக் கழுவி மாடு வெட்டுகிற இடத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று பணம். அதிகாரிகளுக்கு ஜப்பான்காரர்கள் கொஞ்சம் சம்பளம் கொடுத்தார்கள், நோயாளிக்குக் கிடையாது. 'வியரி' டன்லப் என்ற ஆஸ்திரேலிய ராணுவ டாக்டர் மாதிரி ஆட்கள் அந்தச் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடித்து, பொதுநிதி வைத்து, படுத்துக் கிடப்பவர்களுக்கு வாத்து முட்டை வாங்கினார்கள். முணுமுணுத்த அதிகாரிகள் உண்டு, ஆனாலும் பிடித்தார்கள். காஞ்சனபுரியைச் சேர்ந்த பூன்போங் என்ற தாய்லாந்து வியாபாரி, காய்கறியோடு சேர்த்து மருந்தும் ஒளித்துவைத்த ரேடியோவுக்கு பேட்டரியும் கடத்திக் கொண்டுவந்தார், மாட்டியிருந்தால் தலை போயிருக்கும். சாங்கியில் பெரிபெரிக்கு, வைட்டமின் குறைவால் வரும் நோய் அது, மருந்து அரிசித் தவிடு. நம் வீட்டில் மாட்டுக்குப் போடுவோமே, அதைத்தான் பட்டாளமே சாப்பிட்டது.

எந்த நூறு பேர் முகாமை எடுத்தாலும், உடம்பு பலசாலிகள் பிழைத்தார்கள், மெலிந்தவர்கள் செத்தார்கள் என்று இல்லை. பக்கத்தில் தண்ணீர் கொடுக்க ஒரு நண்பன் இருந்தவன் பிழைத்தான். 1943-இல் சாங்கியில் இருந்து ரயில் வேலைக்கு அனுப்பிய எஃப் ஃபோர்ஸ் என்ற கைதிக் குழுவில் 7,000 பேர், ரயில் இறங்கி முந்நூறு கிலோமீட்டர் நடந்து, நோயாளிகளோடு நோயாளியாகப் போய்ச் சேர்ந்ததில் மூவாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். அங்கே ஒழுங்கும் இருந்தது, டாக்டர்களும் இருந்தார்கள், ஆனாலும் அவ்வளவு சாவு. அப்படியென்றால் ஒழுங்கும் டாக்டரும் இல்லாதவர்கள் கதி?

இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, கொஞ்ச காலம்தான், திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி, வராதவர்களைப் பிடித்து இழுத்து, குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றினார்கள். மலாயாவில் இருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் தமிழர்கள். பர்மாக்காரர், ஜாவாக்காரர் எல்லோரையும் சேர்த்தால் அந்த ரயிலில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் தொண்ணூறாயிரம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அதே காடு, அதே மழை, அதே காலரா. அவர்களுக்கு டாக்டர் இல்லை, கணக்கெடுக்க ஆள் இல்லை, இன்றைக்கு எத்தனை நோயாளி என்று ஜப்பான்காரனிடம் மல்லுக்கட்ட ஒரு கர்னல் இல்லை, முட்டை வாங்கப் பொதுநிதி இல்லை. பக்கத்துப் பாய்க்காரனுக்குக் காலரா என்றால் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள், ஓடிய இடத்தில் செத்தார்கள். நிலைமை கைமீறிப் போன பிறகு, 1943 நடுவில், சாங்கியில் இருந்து கைதி டாக்டர்களையும் உதவியாளர்களையும் கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று இரண்டு குழுவாக அனுப்பினார்கள். போனவர்கள் பார்த்தது புதைக்காத பிணங்களை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். பெர்சிவல் கையெழுத்துப் போட்டபோது துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள், பட்டாளத்தைக் கலைக்கவில்லை. அதனால்தான் அத்தனை பேர் திரும்பினார்கள். கடைசித் தோட்டா என்று பேசுகிறவர்கள் அதற்கப்புறமான மூன்றரை வருஷத்தைச் சண்டையாகவே நினைப்பதில்லை. கொதிக்கிற அண்டாவுக்கு விறகு சுமந்தவன் சண்டைதான் போட்டான்.

பெர்சிவலும் கைதியாகத்தான் இருந்தார், முதலில் சாங்கி, அப்புறம் தைவான், கடைசியில் மஞ்சூரியா. 1945 செப்டம்பர் 2 அன்று மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தருக்குப் பின்னால் எலும்பும் தோலுமாக நின்றார். மறுநாள் பிலிப்பைன்ஸில் யமாஷிட்டா சரணடைந்த மேசைக்கும் அழைத்துப் போனார்கள். நாட்டில் அவருக்கு 'சர்' பட்டம்கூடக் கொடுக்கவில்லை. அதைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல், தூரக் கிழக்குக் கைதிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, கூட இருந்தவர்களுக்கு இழப்பீடு கேட்டுப் போராடினார்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள் இருக்கின்றன, புல் வெட்டி, பெரும்பாலான கல்லில் பெயர், வயது, ரெஜிமெண்ட் செதுக்கி. நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படிப் பெயர்ப் பட்டியலே கிடையாது, எழுதி வைக்க யாரும் இல்லை. மலேசியாவில், சிங்கப்பூரில், இங்கே ஊரில் இருந்து பார்க்கிறவர்களே, உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ சயாமுக்குப் போனார் என்று வீட்டில் பேச்சு இருந்தால், பெயர், எந்தத் தோட்டம், யாரோடு போனார், திரும்பினாரா என்று கீழே எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு, போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். வருவதை எல்லாம் தோட்டம் வாரியாகத் தொகுத்து அடுத்த வீடியோவில் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன்.